உபசாரத்தின் ஆக்டேன் எண்

உலகத்துக்கு மரியாதையைக் கற்றுக்கொடுத்தது ஈரான். ஈரானுக்குக் கற்றுக்கொடுத்தது தெஹ்ரான். தெஹ்ரானில் அந்தப் பொறுப்பைத் தனி ஒருவராகச் சுமந்தவர் கியூமர்ஸ் தானேஷ்வர்.

இதில் மிகை எதுவும் இல்லை. அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கடிதப் பிரிவின் தலைவர். இழப்பீடு கேட்டவர்களுக்கு அது கிடைக்காது என்று தெரிவிப்பது அந்தப் பிரிவின் பணி. அவர் எழுதிய மறுப்புக் கடிதங்களைப் படித்தவர்கள் நன்றி சொல்லிப் பதில் எழுதினார்கள். கடை எரிந்துபோன கம்பள வியாபாரி ஒருவர் ஒரு பெட்டி பிஸ்தா அனுப்பிவைத்தார். கியூமர்ஸின் கடிதங்களில் ‘இல்லை’ என்ற சொல் இருக்காது. பணமும் இருக்காது.

அலுவலகத்துக்கு வெளியேயும் அவர் அப்படித்தான். லிஃப்ட் வந்தால் பின்னால் நிற்பவரை முதலில் ஏறச் சொல்வார். பின்னால் நிற்பவர் இவரை ஏறச் சொல்வார். லிஃப்ட் காலியாக மேலே போகும். நிர்வாகம் யோசித்து, கடிதப் பிரிவையே தரைத்தளத்துக்கு மாற்றியது.

அப்படிப்பட்டவர் சென்ற வசந்தத்தில் ஒரு கார் வாங்கினார். சீனத்து வண்டி, உள்ளூரில் பாகங்களைப் பூட்டியது, டர்போ இன்ஜின். வேகத்துக்காக அல்ல. மகன் பெஹ்ராதுக்குப் பெண் கேட்க நௌஷஹர் போகவேண்டியிருந்தது. பெண் வீடு மலைக்கு அப்பால், கடலோரத்தில். பழைய காரில் போய்ப் பெண் கேட்பது பெண்ணின் தகப்பனை அவமதிப்பதாகும் என்று அவர் கருதினார்.

பெஹ்ராத் குளிர்சாதன இன்ஜினியர். குறைவாகப் பேசுவான். பேசினால் அதில் ஒரு பொருள் இருக்கும். குடும்பத்தில் இதை ஒரு குறையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

கார் வந்த அன்றே அவன் பெட்ரோல் மூடியைத் திறந்து பார்த்தான்.

“அப்பா, ஆக்டேன் தொண்ணூத்தஞ்சுன்னு போட்டிருக்கு. சூப்பர்தான் ஊத்தணும். சாதா எண்பத்தேழுதான்.”

கியூமர்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து படித்தார்.

“‘95க்குக் குறையக் கூடாது.’ இவ்வளவுதானா?”

“வேற என்ன வேணும்?”

“‘தயவுசெய்து’ன்னு ஒரு வார்த்தை? ‘தாழ்மையுடன்’னு ஒரு வார்த்தை? என் பிரிவுல ஒருத்தன் இப்படி எழுதினா அன்னைக்கே அவனை வேற பிரிவுக்கு மாத்திடுவேன்.”

“இது கடிதம் இல்லப்பா. எண்.”

“எண்ணா இருந்தா மட்டும் அதட்டலாமா?”

சூப்பர் பெட்ரோல் எல்லாப் பம்புகளிலும் கிடைப்பதில்லை. கிடைக்கும் இடத்தில் வரிசை நீளம். வரிசையில் நிற்பது என்றால் யாரோ ஒருவருக்கு முன்னால் நிற்பது. கியூமர்ஸால் அது முடியாது. எனவே அவர் சாதாவை ஊற்றினார். ஊற்றிவிட்டு, முறைப்படி, வண்டி விற்ற இளைஞனுக்கு போன் செய்து கருத்துக் கேட்டார்.

“உங்க கையால ஊத்தினா சாதாவும் பன்னீர்தான் ஐயா,” என்றான் அவன்.

“விற்பனைப் பிரிவின் கருத்து சாதகமாக இருக்கிறது” என்று கியூமர்ஸ் வீட்டில் அறிவித்தார்.

ஒரு மாதத்தில் ஏற்றங்களில் வண்டியிலிருந்து ஒரு சத்தம் வரத் தொடங்கியது. டிக், டிக், டிக். தகர டப்பாவுக்குள் பட்டாணி உருள்வதுபோல. கியூமர்ஸ் மெக்கானிக் உஸ்தா நஸ்ரத்திடம் போனார். உஸ்தா பானெட்டின் மேல் கை வைத்துக் கேட்டார். பிறகு தேநீர் வரவழைத்தார். கியூமர்ஸ் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் முறை வாங்கிக்கொண்டார். முதல் அழைப்பு சம்பிரதாயம், இரண்டாவது நட்பு, மூன்றாவதுதான் அழைப்பு.

“என்ன பெட்ரோல் ஊத்தறீங்க ஐயா?”

“சாதாதான் உஸ்தா. தப்புங்களா?”

தன் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பவரிடம் ‘தப்பு’ என்று எப்படிச் சொல்வது?

“தப்புன்னு யாரு சொன்னா? வண்டி இளசு. கொஞ்சம் வாயாடுது, அவ்வளவுதான்.”

“சூப்பர் ஊத்தினா?”

“ஊத்தினா அது உங்க பெருந்தன்மை.”

“ஊத்தலேன்னா?”

“அது உங்க எளிமை.”

தொழில்நுட்பப் பிரிவின் கருத்தும் சாதகமாக இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் பெஹ்ராத் வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினான்.

“அப்பா, டர்போ காத்தை அமுக்கி உள்ள தள்ளும். மட்டமான பெட்ரோல் அந்த அமுக்கத்தைத் தாங்காது. பொறி வர்றதுக்கு முன்னாடியே தானா வெடிச்சிடும். அதான் அந்தச் சத்தம். தொண்ணூத்தஞ்சு பொறுமையா இருக்கும். பொறி வந்தாதான் வெடிக்கும்.”

கியூமர்ஸ் ரொட்டியைக் கீழே வைத்தார்.

“கூப்பிடறதுக்கு முன்னாடியே வந்துடுதா?”

“ஆமா.”

“என்ன வளர்ப்பு இது!”

பெஹ்ராத் அந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டான். “அதேதாம்பா. எண்பத்தேழுக்கு மரியாதை தெரியாது. தொண்ணூத்தஞ்சுக்குத் தெரியும்.”

கியூமர்ஸ் முதல்முறையாக ஆக்டேன் எண்ணை மதிப்போடு பார்த்தார். காரியத்தின் தீவிரத்தை மனைவி மஹ்ரோக் மேலும் விளக்கினாள். வியாழக்கிழமை மாலை இவர்கள் பெண் கேட்கப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை இன்னொரு குடும்பம் போகிறது. குளிர்பெட்டி இறக்குமதி செய்கிற குடும்பம். பெண் கோல்நூஷுக்குப் பெஹ்ராதைத்தான் பிடித்திருந்தது. ஆனால் அவளுடைய அப்பா ஷைபானி ஆரஞ்சுத் தோட்டக்காரர். சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறவர்.

“அவர்கிட்டப் போய் ‘உங்க பொண்ணை எங்களுக்குக் குடுங்க’ன்னு நேரா கேட்டுடுங்க,” என்றாள் மஹ்ரோக். “சுத்தி வளைச்சா அவருக்குப் புரியாதாம். கோல்நூஷே சொல்லியிருக்கா.”

“மலை ஏறணும்பா,” என்றான் பெஹ்ராத். “சூப்பர் இல்லாம அந்த வண்டி மலை ஏறாது. குடுங்க, நானே போய் ஊத்திட்டு வந்துடறேன்.”

“மாப்பிள்ளை பெட்ரோல் வாசனையோட போகக் கூடாது. நானே ஊத்தறேன். வாக்கு.”

வியாழக்கிழமை காலை மூவரும் கிளம்பினார்கள். பின்சீட்டில் மஹ்ரோக், மடியில் பூங்கொத்து, பக்கத்தில் இனிப்புப் பெட்டி. நகரத்தின் மேற்கு எல்லையில் இருந்த பம்பில் கியூமர்ஸ் வாக்குத் தவறாமல் வரிசையில் நின்றார். முன்னால் இருந்தவர்கள் ஊற்றிக்கொண்டு போனார்கள். அவர் முறை வந்தது. குழாயைக் கையில் எடுத்தார்.

“உங்களோட முடிஞ்சுது சார்,” என்று பம்புக்காரர் கத்தினார். “சூப்பர் ஒரு வண்டிக்குத்தான் இருக்கு. மத்தவங்க கிளம்பலாம்!”

கியூமர்ஸ் திரும்பிப் பார்த்தார். அன்று அவர் செய்த முதல் தொழில்நுட்பப் பிழை அதுதான். பின்னால் ஒரு பழைய பேக்கான் கார் நின்றது. அதன் அருகில் வெள்ளை மீசையுடன் ஒரு முதியவர். பட்டாளத்து நிமிர்வு.

“ஐயா, நீங்க முதல்ல,” என்றார் கியூமர்ஸ்.

“என்ன பேச்சு இது? நீங்கதானே முன்னாடி வந்தீங்க.”

“நான் வந்தது தற்செயல். நீங்க மூத்தவர்.”

“மூத்தது என் குத்தம். அதுக்கு நீங்க ஏன் தண்டனை அனுபவிக்கணும்?”

“உங்க வண்டி பாத்துக்கிட்டு நிக்கும்போது என் வண்டி குடிச்சா, தொண்டையில சிக்கிக்கும் கர்னல் ஐயா.”

அவர் கர்னல் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அவரும் மறுக்கவில்லை.

“உங்க வண்டி புது மணப்பொண்ணு மாதிரி இருக்கு,” என்றார் கர்னல். “என்னோடது கிழவி. கிழவிக்கு எதுக்கு ஷெர்பத்? சாதாவே அதுக்கு அதிகம்.”

பெஹ்ராத் கண்ணாடியை இறக்கினான். “அப்பா! அந்த வண்டிக்குச் சாதாவே போதும். அவரே சொல்றாரு!”

“அவர் சொல்றது உபசாரம்.”

“உண்மையும் அதுதாம்பா!”

“இருக்கலாம். உபசாரமா சொன்னதை உண்மையா எடுத்துக்கிட்டா அது காட்டுமிராண்டித்தனம்.”

பின்னால் ஹார்ன்கள் அலறின. சாதாப் பக்கம் போகவேண்டிய இரண்டு டாக்ஸிக்காரர்கள் முடிவு தெரிந்துகொள்ள இறங்கி நின்றார்கள். கர்னல் கியூமர்ஸின் தோளைத் தொட்டார். கியூமர்ஸ் கர்னலின் கையைத் தொட்டார். ஒருவர் நிழலில் மற்றவர் வாழ்வதாக இருவரும் தெரிவித்துக்கொண்டார்கள். கடைசியில் கியூமர்ஸ் யாராலும் திருப்பித் தாக்க முடியாத ஆயுதத்தை எடுத்தார்.

“என் உயிர் மேல ஆணை. நீங்கதான் முதல்ல.”

கர்னல் தோற்றார். தோற்றவர் டேங்க் நிரம்பி வழியும்வரை ஊற்றிக்கொண்டார். கார்புரேட்டர் வைத்த அந்தப் பேக்கான் தன் வாழ்நாளில் முதல்முறையாகத் தொண்ணூற்றைந்து குடித்தது. அதற்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. வந்தபோது இருமியதுபோலவே இருமிக்கொண்டு போனது.

ஒரு டாக்ஸிக்காரர் கியூமர்ஸைப் பார்த்துக் கையை நெஞ்சில் வைத்து வணங்கினார். அவரும் வணங்கினார். பிறகு பக்கத்துப் பம்பில் சாதாவை ஊற்றிக்கொண்டார். அங்கே போட்டிக்கு யாரும் இல்லை.

பெஹ்ராத் போனை எடுத்து, நடந்ததையெல்லாம் கோல்நூஷுக்கு எழுதினான்.

கரஜ் அணை தாண்டியதும் டிக் டிக் தொடங்கியது. பாதை செங்குத்தாக ஏற ஏற அது டக் டக் ஆனது. மஞ்சள் விளக்கு எரிந்தது. பிறகு வண்டி தானாகவே சக்தியைக் குறைத்துக்கொண்டு ஊர ஆரம்பித்தது. பஸ்கள் முந்தின. லாரிகள் முந்தின. ஆட்டு மந்தை ஏற்றிய ஒரு டிராக்டரும் முந்தியது.

“பாரு, எல்லாருக்கும் வழி விடுது,” என்றார் கியூமர்ஸ். “நம்ம வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்ல எப்படிப் பழகிடுச்சு.”

“ஏங்க,” என்றாள் மஹ்ரோக், “புகை வருது.”

மலை உச்சியின் சுரங்கப்பாதைக்குச் சற்றுக் கீழே ஒரு வளைவில், வண்டிக்குள் எதுவோ உடைந்த சத்தம் கேட்டது. நீலப் புகை கிளம்பியது. வண்டி ஓரமாக நின்றது. பெஹ்ராத் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான்.

“பிஸ்டன் போச்சு.”

“சரி பண்ணிடலாமா?”

“புது இன்ஜின்தான் போடணும்.”

அப்போது தர்பூசணி ஏற்றிய லாரி ஒன்று நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டினார்.

“எங்க போகணும்?”

“நௌஷஹர்,” என்றான் பெஹ்ராத்.

“நானும் அங்கதான். முன்னாடி இடம் இருக்கு. ஏறுங்க.”

“உங்களுக்கு எதுக்குச் சிரமம்,” என்றார் கியூமர்ஸ்.

“என்ன சிரமம்? ஏறுங்க.”

“உங்க நிழல் எங்க மேல விழுந்ததே போதும். நல்லபடியா போயிட்டு வாங்க.”

ஓட்டுநர் தோளைக் குலுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கியூமர்ஸ் திகைத்து நின்றார்.

“மூணாவது தடவை கேக்கவே இல்லையே!”

“கேட்டிருந்தா ஏறியிருப்பீங்களா?” என்றான் பெஹ்ராத்.

“சந்தேகமென்ன?”

“அது அவருக்குத் தெரியணுமேப்பா.”

கியூமர்ஸ் பதில் யோசிப்பதற்குள் போன் அடித்தது. ஷைபானி. அவர் போனிலும் தோட்டத்தில் பேசுவதுபோலத்தான் பேசுவார். பக்கத்தில் நின்ற இருவருக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“தானேஷ்வர் ஐயா, எங்க இருக்கீங்க? சமோவார்ல தேநீர் கொதிச்சுக்கிட்டே இருக்கு.”

“உங்க சமோவாரைக் காக்க வச்ச பாவிகள் நாங்க. பாதை ரொம்ப அழகு. நின்னு ரசிச்சுக்கிட்டிருக்கோம்.”

“வண்டி ஏதாவது கெட்டுப்போச்சா? தம்பியை அனுப்பறேன். பிக்கப் சும்மாதான் நிக்குது.”

“ஐயையோ, உங்க தம்பிக்குக் கால் நோகலாமா?”

“கால் ஏன் நோகும்? வண்டியிலதானே வரப்போறான்.”

“அவர் வரணும்னு நினைச்சதே எங்களுக்குப் போதும்.”

“சரி, நேராவே கேக்கறேன். நாளைக்கு வர்றதா இருந்தவங்க இன்னைக்கே ஊருக்கு வந்துட்டாங்க. சாயங்காலமே வரட்டுமான்னு கேக்கறாங்க. இன்னைக்கு உங்களுதுன்னு நான் சொல்லியிருக்கேன். ‘வர்றோம்’னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவங்களை நாளைக்கே வரச் சொல்லிடறேன்.”

பெஹ்ராத் அப்பாவின் முன்னால் வந்து நின்றான். ஒரு விரலைக் காட்டினான். ஒரு வார்த்தை. மஹ்ரோக் பூங்கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கடிதப் பிரிவின் முப்பது ஆண்டு அனுபவம் கியூமர்ஸின் தொண்டைக்கு ஏறியது.

“ஷைபானி ஐயா, அவங்க எங்க, நாங்க எங்க? அவங்க வாசல்ல நிக்கும்போது நாங்க உள்ள நுழையறதா? அவங்க முதல்ல வரட்டும்.”

“அப்ப நீங்க வரலையா?”

“நாங்க உங்க வாசல் மண்ணு. மண்ணு எங்க போயிடும்?”

“வர்றீங்களா, வரலையா?”

“உங்க விருப்பம்தான் எங்க விருப்பம்.”

ஆரஞ்சு மரம் ஒன்று காய்க்கும், அல்லது காய்க்காது. அப்படிப்பட்டவற்றோடு வாழ்ந்து பழகிய மனிதர் ஷைபானி.

“சரி. உங்க பெருந்தன்மை,” என்று போனை வைத்துவிட்டார்.

கியூமர்ஸ் நிறைவோடு மகனைப் பார்த்தார். “கேட்டியா? பெருந்தன்மைன்னார்.”

பெஹ்ராத் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். மஹ்ரோக் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் அவன் போனில் ஒரு செய்தி வந்தது. படித்துவிட்டு, அப்பாவிடம் நீட்டினான். கோல்நூஷ் எழுதியிருந்தாள்:

‘உங்க அப்பா எங்க அப்பாகிட்ட “அவங்க முதல்ல”ன்னு சொல்லிட்டாராம். நான் என்ன பெட்ரோலா? அவங்க வந்துக்கிட்டிருக்காங்க. ஒரு வார்த்தையும் பேசாம உக்காந்திருப்பேன், இருட்டற வரைக்கும். அதுக்குள்ள வந்து உன் வாயால கேளு. இல்லேன்னா வரவே வராதே.’

கியூமர்ஸ் இரண்டு முறை படித்தார்.

“நடை நல்லா இருக்கு,” என்றார். “ஒரு ‘தயவுசெய்து’ மட்டும் சேத்திருக்கலாம்.”

மகன் அப்பாவை நிமிர்ந்து பார்த்தான். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்த நேரத்தில் மெத்தைகள் ஏற்றிய சிறிய லாரி ஒன்று வளைவில் மெதுவானது.

“நௌஷஹர் பக்கமா?” என்றார் ஓட்டுநர். “பின்னாடி ஏறிக்கறீங்களா?”

“உங்களுக்கு எதுக்கு...” என்று கியூமர்ஸ் தொடங்கினார்.

முடிப்பதற்குள் பெஹ்ராத் மெத்தைகளின் மேல் இருந்தான். தானேஷ்வர் குடும்பத்தில் முதல் அழைப்பிலேயே ஏறிக்கொண்ட முதல் மனிதன் அவன்தான். மேலிருந்து கையை நீட்டினான். மஹ்ரோக் இனிப்புப் பெட்டியைக் கொடுத்தாள், பூங்கொத்தைக் கொடுத்தாள், பிறகு தானும் ஏறினாள். கியூமர்ஸுக்கு அவள் இவ்வளவு வேகமாக ஏறுவாள் என்று தெரியாது.

அவள் மெத்தையில் உட்கார்ந்து தலைத்துணியை இழுத்து முடிந்துகொண்டு, கீழே பார்த்தாள்.

“இன்னும் ஒருத்தருக்கு இடம் இருக்கு. ஏறுங்க.”

கியூமர்ஸ் வலது கையை நெஞ்சில் வைத்தார்.

“வேண்டாங்க,” என்றாள் மஹ்ரோக். “ஆரம்பிக்காதீங்க. இவன் பிறந்த அன்னைக்கு டாக்ஸியில ஏறச் சொல்லி உங்களை மூணு தடவை கூப்பிட்டேன். வலியோட. நீங்க டிரைவருக்கு இடைஞ்சலா இருக்கும்னு பாத்துக்கிட்டு நின்னீங்க. இன்னைக்கு ஒரு தடவைதான் கூப்பிடுவேன். கூப்பிட்டாச்சு.”

ஓட்டுநர் இன்ஜினை ஒருமுறை உறுமவிட்டார். பெஹ்ராத் கையை இன்னும் நீட்டியபடி இருந்தான்.

“நீங்க முன்னாடி போங்க,” என்றார் கியூமர்ஸ். “என்னால உங்களுக்கு எதுக்கு இட நெருக்கடி.”

“சரி,” என்றாள் மஹ்ரோக்.

லாரி கிளம்பியது. பெஹ்ராத் கையை மடக்கிக்கொண்டான். கியூமர்ஸ் நெஞ்சில் வைத்த கையை எடுக்காமல், லாரி சுரங்கத்துக்குள் மறையும்வரை தலை தாழ்த்தி நின்றார்.

அவரைப்போல் விட்டுக்கொடுத்த மனிதர் ஈரானில் இல்லை. அவர் விட்டுக்கொடுத்தவற்றில் அவருக்குச் சொந்தமானது என்று எதுவும் இருந்ததில்லை, அன்று அந்த லாரியில் இருந்த ஓர் இடத்தைத் தவிர.